மழைக்கால மருந்துக்கடைச் சாமான்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் சென்னையில் இருமல் சத்தம் கேட்காத பஸ் இருக்காது. மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலும் அதற்கான சாமான்கள் வந்து உட்கார்ந்துவிடும்: சானிடைசர், மாஸ்க், ஹேண்ட்வாஷ், ஆவி பிடிக்கும் மெஷின், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி. பலருக்கும் முதலில் கை போவது சானிடைசர் பாட்டிலுக்குத்தான். ஃப்ளூவோ பெரும்பாலும் மூச்சு வழியாகப் பரவுகிற நோய். எனவே கையில் காசு குறைவு என்றால் முதல் செலவு ஃப்ளூ தடுப்பூசிக்கும் மாஸ்க்குக்கும் ஆகட்டும். மிச்சத்தில் சோப்பு. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

மூன்றடுக்கு நீல மாஸ்க் ஒன்று சில ரூபாய்க்கே கிடைக்கும். பார்க்டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு மொத்தக் கடைகளில் பெட்டியாக வாங்கினால் இன்னும் மலிவு. பெட்டிக்குக் காசு கொடுக்குமுன் ஒரு மாஸ்க்கை ஓரமாகக் கத்தரித்துப் பார்த்துவிடுங்கள். வெளி நீலத் துணிக்கும் உள் வெள்ளைத் துணிக்கும் நடுவே மெல்ட்ப்ளோன் என்கிற படலம் தனியாக இருக்க வேண்டும். நோய்க்கிருமி ஏறிய நுண்துளிகளைப் பிடித்து வைப்பது அதுதான். மட்டமான சரக்கில் அந்த இடத்தில் சாதாரணத் துணியே இன்னொரு மடிப்பாக இருக்கும், இல்லையென்றால் எதுவுமே இருக்காது. அடுத்து மூக்குக் கம்பி. வளைத்தால் வளைந்தபடியே நிற்க வேண்டும், விட்டதும் நிமிர்ந்துகொண்டால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த மாஸ்க்கின் பெரிய குறை கன்னப் பக்கத்து இடைவெளி. காதுப்பட்டையை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பக்கத்தில் துருத்தும் மடிப்பை உள்ளே செருகினால் அது பெருமளவு அடைபடும்.

நெரிசல் நேரத்துக் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலுக்கும் மருத்துவமனை ஓபி வரிசைக்கும் இந்த நீல மாஸ்க் போதாது, என்-95தான் சரி. பிடிப்பதற்கே கடினமான 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது தடுத்தாக வேண்டும். நம் ஊர்த் தரத்தில் அதற்கு ஏறக்குறைய இணையானது ஐஎஸ் 9473-இன் எஃப்எஃப்பி2 வகை, அது தடுக்க வேண்டிய அளவு 94 சதவீதம். ஐஎஸ்ஐ முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் தயாரித்த கம்பெனி பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் வாங்காதீர்கள். காதில் மாட்டும் பட்டையோடு இருக்கும் ஒன்றை ‘அமெரிக்க நியாஷ் (பணியிடப் பாதுகாப்பு நிறுவனம்) சான்று பெற்றது’ என்று விற்றால் அதுவும் பொய். அந்தச் சான்று பெற்ற என்-95 எல்லாம் தலையைச் சுற்றும் பட்டையோடுதான் வரும். முன்பக்கம் வால்வு வைத்தது போடுகிறவருக்கு இதமாக இருக்கும், ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே போகும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வால்வு வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் போடும் விதத்தில்தான் பலன். மாஸ்க்கை உள்ளங்கையில் ஏந்தி மூக்கும் தாடையும் உள்ளே அடங்கும்படி வைத்து, மேல் பட்டையை உச்சந்தலைக்குப் பின்னாலும் கீழ்ப் பட்டையைக் காதுக்குக் கீழே பிடரியிலும் இழுத்துவிடுங்கள். இரண்டும் குறுக்கே போகக் கூடாது. கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகி இரண்டு பக்கமும் காற்று ஒழுகும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண்ணோரம் காற்று பட்டாலோ மூக்குக்கண்ணாடி மங்கினாலோ மறுபடி சரிசெய்ய வேண்டும். தாடி இருந்தால் எந்த என்-95-உம் முழுசாக ஒட்டாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வியர்வையில் மாஸ்க் நனைந்துவிட்டால் அதன் வழியே மூச்சு இழுப்பது சிரமம், காற்று ஓரத்து வழியைத் தேடிக்கொள்ளும். பையில் உலர்ந்த மாஸ்க் ஒன்று உபரியாக இருப்பது நல்லது.

என்-95 மாஸ்க்கைத் துவைக்கவே கூடாது, சானிடைசரும் அடிக்கக் கூடாது. படலத்தில் ஏற்றியிருக்கும் நிலைமின்னூட்டம் போய்விடும். பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், வடிகட்டும் திறன்தான் சரிந்திருக்கும். ஐந்து மாஸ்க் வாங்கி, ஐந்து காகித உறைகளில் கிழமையை எழுதி, முறைவைத்துப் போடுவதே சிக்கனம். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கும்.

சானிடைசர் பாட்டிலில் வாசனையைப் பார்க்காதீர்கள், சிறிய எழுத்தைப் படியுங்கள். எத்தனால் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரத்தில் எத்தனால் என்றால் 80, ஐசோபுரொப்பைல் என்றால் 75. எந்த ஆல்கஹால் என்று போடாமல் வெறுமனே ‘ஆல்கஹால்’ என்றிருக்கும் பாட்டில் வேண்டாம். மெத்தனால் கலந்த போலிச் சரக்கு விஷம், தோல் வழியாகவும் உள்ளே போகும். கையில் எடுக்கும் அளவில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். ஒரு ஸ்ப்ரே அடித்தால் உள்ளங்கை நனைவதோடு சரி. இரண்டு கையும் விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் வரை 20 நொடியாவது ஈரமாக இருந்தாக வேண்டும். ஃபேனுக்கு நேர் கீழே நின்று தேய்த்தால் அதற்கு முன்பே காய்ந்துவிடும். ஃப்ளூ, கொரோனா வைரஸ்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இதே மழைக்காலத்தில் வரும் மெட்ராஸ் ஐக்குப் பெரும்பாலும் காரணமான அடினோவைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹாலுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. வாந்தி பேதி கொடுக்கும் நோரோவைரஸும் அப்படித்தான். இவற்றுக்குச் சோப்புத் தண்ணீர்தான். சாம்பார்க் கையில் சானிடைசர் போடுவதும் வீண். தீபாவளி சமயம் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: சானிடைசர் தடவிய கையோடு மத்தாப்புப் பக்கம் போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

சோப்பில் ‘கிருமிநாசினி’ என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. ஃப்ளூ வைரஸின் கொழுப்பு உறையைச் சாதாரண சோப்பே கரைத்துவிடும். அதுபோன்ற உறை இல்லாத வைரஸைத் தேய்ப்பும் ஓடும் தண்ணீரும் அடித்துக்கொண்டு போகும். ஸ்டீல் கம்பியிலும் பிளாஸ்டிக்கிலும் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கக் கூடும் என்பதால் பஸ் கம்பியைப் பிடித்த கையோடு முகத்தைத் தொடுவதற்குள் கழுவிவிட வேண்டும். அலுவலகங்களிலும் ஓட்டல்களிலும் வைத்திருக்கும் ஹேண்ட்வாஷ் டப்பாவைக் கொஞ்சம் கவனியுங்கள். தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்து, கழுவாமலே மேலே மேலே நிரப்பிக்கொண்டு போனால் அதற்குள்ளேயே பாக்டீரியா வளரும். நுரை வராமல் தண்ணீராக ஓடினால் பையில் இருக்கும் காகித சோப்பே மேல். கை கழுவுமிடத்தில் எல்லோருக்குமாகத் தொங்கும் ஈரத் துண்டில் மட்டும் துடைக்காதீர்கள்.

ஆவி பிடிக்கும் மெஷின் மூக்கடைப்புக்கு இதம், அவ்வளவுதான். வைரஸை அது கொல்லாது, வராமலும் தடுக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள் தண்ணீரில் மூழ்கியிருக்கும், மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாய்ந்து அதைச் சூடாக்கும். ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் ஆவி வராததற்குக் காரணம் இதுதான், அதில் உப்பு மிகக் குறைவு. உடனே உப்பை அள்ளிப் போட்டால் மின்சாரம் எகிறி, கொதித்துப் பொங்கி, டிரிப்பர் விழும். குழாய்த் தண்ணீரே போதும், அப்படியும் வராவிட்டால் இரண்டு விரலால் கிள்ளிய உப்பு. பிளக்கைப் பிடுங்காமல் மூடியைத் திறந்தாலோ தண்ணீரில் விரல் வைத்தாலோ ஷாக் அடிக்கும். தைலத்தைத் தண்ணீரில் போடாமல் மேலே உள்ள குழியில் விட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மெஷினும் வேண்டாம், நொச்சி போட்ட கொதிபானையும் வேண்டாம். கவிழ்ந்தால் வெந்துவிடும். கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயதுக்குள் தொடவே கூடாது.

வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் சாப்பிட்டாலும் சளி பிடிப்பது குறையாது. சளி இருக்கும் நாட்கள் கொஞ்சம் குறையலாம். அந்தக் காசுக்குக் கொய்யாப்பழம் வாங்கலாம்.

வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் நல்ல முதலீடு எக்ஸாஸ்ட் ஃபேன். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, அறைக்காற்றையே சுற்றிவிடும். நோயாளி அறையில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, காற்றை வெளியே தள்ளும் ஃபேனை ஓடவிடுங்கள். கரண்ட் பில் கூடினாலும் பரவாயில்லை.

கடைசியாக ஊசி. அரசின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியாரில் போட்டுக்கொள்ள ஆயிரத்துச் சொச்சம் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வரை ஆகும். சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், 65 தாண்டியவர்களுக்கும் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் காசுக்கு மதிப்பு. பலன் தர இரண்டு வாரம் ஆகும் என்பதால் புரட்டாசிக்குள் போட்டுக்கொள்வது நல்லது. பெட்டியில் எந்த ஆண்டின் ஸ்ட்ரெயின் (வைரஸ் வகை) என்று பார்த்து, புதியதையே கேளுங்கள். போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் குப்பைதான். கடையில் வாங்கி ஐஸ்கட்டி மேல் வைத்துக்கொண்டு போவதைவிட, சொந்த ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கும். சாதாரணச் சளியை இது தடுக்காது. ஆறு மாதத்திலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவதன் தேதியை அன்றைக்கே அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வயதில் ஒரு ஊசி மட்டும் போதிய எதிர்ப்பைத் தராது.