ஹட்டனில் வாடகைக்கு எடுத்த ப்ரொஜெக்டரில் ‘நிதானய’

எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் போன ஞாயிற்றுக்கிழமை ‘நிதானய’ என்ற பழைய சிங்களப் படத்தைப் போட்டோம். அதற்காக ஹட்டன் பஸாரில் உள்ள ஒரு கடையில் ப்ரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் மூன்றையும் ஒரு நாளுக்கு எடுத்தேன். வாடகை 6,000 ரூபாய். முன்பணம் கேட்கவில்லை, அடையாள அட்டையை மட்டும் வாங்கி வைத்தார்கள்.

முதல் பத்து நிமிடம் மனசே விட்டுப்போயிற்று. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பே இல்லை. எல்லாம் காலைப் பனிமூட்டம் போல வெளிறித் தெரிந்தது. கடைக்குப் போன் போட்டேன். அந்த அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: “தம்பி, மெனுவுக்குள்ள போய் ‘சினிமா’ன்னு மாத்துங்க. ஜன்னலுக்குக் கம்பளியக் கட்டுங்க.” நான்கு வீட்டுக் கம்பளிகள் வந்தன. மறுபடி முதலிலிருந்து போட்டோம்.

அப்புறம்தான் எம். எஸ். ஆனந்தனின் ஒளிப்பதிவு தெரிந்தது. அந்தப் பெரிய வீட்டின் இருட்டு, விளக்கொளியில் மாலினி பொன்சேகாவின் முகம், புதையலை எடுப்பதற்காக ஒரு பெண்ணிடம் தேடப்படும் அந்தக் கழுத்து மச்சங்கள். 1972இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த படம், தயாரித்தவர் பி. ஈ. அந்தோனிப்பிள்ளை. டைட்டிலில் ஆனந்தன், அந்தோனிப்பிள்ளை என்ற தமிழ்ப் பெயர்களைக் கண்டதும் பையன்கள், “நம்ம ஆளுங்களா?” என்று கேட்டார்கள். இலங்கைச் சினிமாவின் முதல் ஐம்பது வருடங்களில் சிறந்த படம் என்று 1997இல் தேர்வானதே இதுதான். அப்படிப்பட்ட படத்துக்கும் நல்ல பிரதி கிடைக்காத காலம் இருந்தது. புனே திரைப்படக் காப்பகமும் கைகொடுக்க, 2013இல் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் சீரமைத்தார்கள். நாங்கள் பார்த்தது அந்தப் பிரதி. அதை வெளிறிய திரையில் காட்டியிருந்தால் பாவம்.

தமிழ் சப்டைட்டில் இல்லை. அம்மாயிக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில், “நீ பேசாத, எனக்கு வெளங்குது” என்றார். சின்ன வயதில் துரை பங்களாவில் வேலை செய்தவர். பெரிய வீட்டுக்குள் ஒரு பெண் சத்தமில்லாமல் நடப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். கடைசி வரை வெற்றிலைப் பையைத் திறக்கவே இல்லை.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தது. கேமதாசவின் இசை பின்வரிசை வரை கேட்டது. கேபிள்தான் குட்டை, நீளமானதாக ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ப்ரொஜெக்டரை முதல் நாளே போட்டுப் பாருங்கள். அடுத்த மாதத்துக்கும் அதே செட்டைச் சொல்லி வைத்துவிட்டேன்.