தபால் ஆபீஸ் ஆர்.டி: காணிக்கைக்கு அடுத்த கவர்

சம்பளம் வந்ததும் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கையை, எடுத்து வைக்கத் தெரிந்த வீடுகளில்கூட அடுத்த கவர் எது என்பதில் தடுமாற்றம்தான். மிஞ்சினால் சேமிக்கலாம் என்று விட்டால் மிஞ்சுவதே இல்லை. ஜூனில் பள்ளிக் கட்டணம், டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணி, இரண்டுக்கும் நகை அடகுக்குப் போகிறது. கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்கிறது நீதிமொழிகள் 22:7. அந்த அடிமைத்தனத்துக்கு மாற்றாக அஞ்சலக ஆர்.டி.யை, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்புக் கணக்கை, துணிந்து பரிந்துரைக்கிறோம்.

மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் 10இன் மடங்கு, மொத்தம் 60 தவணை. வட்டி 6.7 சதவீதம். அரசு பிறகு மாற்றினாலும் தொடங்கிய நாளின் வட்டி கடைசிவரை நிற்கும். வட்டி வாங்கலாமா என்று சபையில் கேட்பவர்கள் உண்டு. யாத்திராகமம் 22:25 தடுப்பது எளியவனிடம் வட்டி வாங்குவதை. மத்தேயு 25:27இல், பணத்தைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு கிடைத்திருக்குமே என்றுதான் எஜமான் கேட்கிறான்.

18,000 வருமானம் என்றால் காணிக்கை 1,800, சேமிப்பு 1,000, மீதி 15,200 குடும்பத்துக்கு. அந்த ஆயிரத்தை ஒரே ஆர்.டி.யில் போட வேண்டாம். இதன் பெரிய குறை, மூன்று ஆண்டுக்கு முன் கணக்கை முடிக்க முடியாது; அதன்பின் முடித்தாலும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான். 2011இல் தானே புயலைப் பார்த்த கடலூரில் அவசரப் பணம் தனியாக இருந்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு மே மாதமும் 200 ரூபாய்க்கு ஒரு புதிய ஆர்.டி. தொடங்குங்கள். முதல் ஆண்டு மீதி 800, அடுத்து 600, 400, 200 சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். நான்கே ஆண்டில் அங்கே 24,000 சேரும். ஐந்து ஆண்டு கழித்து மே தோறும் ஒரு கணக்கு முதிர்ந்து ஏறத்தாழ 14,270 வரும், பள்ளி திறக்கும் நேரத்துக்குச் சரியாக.

15ஆம் தேதிக்குள் தொடங்கினால் மாதந்தோறும் 15க்குள் கட்ட வேண்டும். அதற்குப் பின் தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலை நாள்வரை அவகாசம். தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் மீட்கலாம்.

முதுநகர் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் வீடுகள் தவறுவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில்தான். மீன்பாடு இருக்கும்போதே ஆறு தவணையை முன்கூட்டிக் கட்டிவிடலாம், மாதத் தவணையில் நூறு ரூபாய்க்கு 10 ரூபாய் வீதம் தள்ளுபடியும் உண்டு. பஞ்சத்துக்கு முன்பே தானியம் சேர்த்து வைத்து எகிப்தில் யோசேப்பு செய்ததும் இதே வேலைதான். ஆனால் முன்பணம் கட்டிய மாதங்கள் முடியும்வரை கணக்கை மூட விடமாட்டார்கள்.

12 தவணை கட்டியபின் பாதித் தொகைவரை கடன் உண்டு, வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். நகை அடகு வைக்கும் முன் இதைக் கேளுங்கள். முகவரிடம் பணம் கொடுப்பவர்கள் பாஸ்புக்கில் பதிவு ஏறியதா என்று மாதந்தோறும் பாருங்கள். நாமினி பெயரையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.