ஆர் மொழியின் 'கட்' ஃபங்ஷன்: பல வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்

எண்களை வரிசையுள்ள வகைகளாகப் பிரிக்க, புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆரில் 'கட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. சுகாதாரக் கணக்கெடுப்புத் தரவுகள்தான் என் வேலை என்பதால் பல வருடங்களாக இதோடு பழக்கம். வயது, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) எல்லாமே எண்ணாகத்தான் கைக்கு வரும். அறிக்கை கேட்பவர்களுக்கு அவை வகைகளாக வேண்டும். 'கட்' அதை ஒரே வரியில் முடித்துத் தரும். இதை விட்டு வேறொன்றுக்கு மாறும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் டிஃபால்ட் அமைப்பை அப்படியே விட்டு மருத்துவத் தரவை வெட்டவே கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

காரணம், எல்லையிலேயே வந்து நிற்கும் மதிப்புகள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 'கட்' ஒவ்வொரு இடைவெளியிலும் வலது எல்லையை உள்ளே சேர்த்து, இடது எல்லையை வெளியே விடும். 18.5, 25, 30 என்று வெட்டுப்புள்ளி கொடுத்தால் கிடைப்பது (18.5,25], (25,30]. வளைவு அடைப்பு எல்லையை வெளியே விடுகிறது, சதுர அடைப்பு உள்ளே சேர்க்கிறது; அதாவது 25 கீழ் வகைக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலோ பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டாலே அதிக எடை, 30-ஐத் தொட்டாலே உடல் பருமன். ஹீமோகுளோபினில் இது இன்னும் மோசம். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் ரத்தசோகை. அளவு ஒரு தசம இடத்தோடு பதிவாகும்போது சரியாக 12.0 என்று இருப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள். அத்தனை பேரையும் டிஃபால்ட் 'கட்' ரத்தசோகைப் பக்கம் தள்ளிவிடும். எரரும் வராது, எச்சரிக்கையும் வராது. 'ரைட்' என்ற ஆர்குமென்ட்டுக்கு ஃபால்ஸ் கொடுத்தால் சரியாகிவிடும். தேவை இருக்கிறதோ இல்லையோ, அதை எழுதாமல் நான் ஒரு 'கட்' வரியையும் விடுவதில்லை. குறியீட்டைப் படிக்கிறவருக்கு எல்லை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்.

அதோடும் முடியவில்லை. 64 கிலோ எடை, 1.6 மீட்டர் உயரம் உள்ள ஒருவரின் பி.எம்.ஐ. தாளில் போட்டால் சரியாக 25. கணினியில் 1.6-இன் வர்க்கம் 2.56-ஐ விட ஒரு துளி கூடிவிடுகிறது. வகுத்தால் வருவது 24.999999999999996. திரையில் 25 என்றுதான் தெரியும், ஆள் மட்டும் இயல்பு எடைக்குள் போய் உட்கார்ந்திருப்பார். அதனால் வெட்டுவதற்கு முன் ஆறு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்துவிடுகிறேன். ஒரே இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 24.96 என்பதும் 25 ஆகிவிடும், அது வேறு தவறு.

இரண்டு ஓரங்களுக்கும் மைனஸ் இன்ஃபினிட்டி, இன்ஃபினிட்டி கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் வரம்புக்கு வெளியே இருப்பவை சத்தமில்லாமல் என்.ஏ. (மதிப்பு இல்லை) ஆகிவிடும். பெரிய தொகைகளுக்கு லேபிள் அறிவியல் குறியீட்டில் வந்து பயமுறுத்தும். லேபிள்களை நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் வரிசை. 'கட்' தருவது, பார்க்க வரிசையாக இருந்தாலும், வெறும் ஃபேக்டர்தான், அதாவது எது பெரிது எது சிறிது என்று அறியாத வகைகள்தான். 'அதிக எடையும் அதற்கு மேலும்' என்று ஒப்பிட்டு வடிகட்டப் போனால் எல்லாமே என்.ஏ.; இங்கே எச்சரிக்கையாவது வருகிறது. 'ஆர்டர்ட் ரிசல்ட்' என்பதை ட்ரூ ஆக்கினால் ஒப்பீடு வேலை செய்யும். பைத்தான் மொழிக்கான பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தில் உள்ள 'கட்' கேட்காமலே வரிசையோடு தருகிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும். வலது எல்லைப் பழக்கம் அதற்கும் உண்டு.

ஆனால் வரிசையுள்ள ஃபேக்டரை அப்படியே ரிக்ரஷன் மாடலில் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கும் சமன்பாட்டில்) போட்டால் 'இயல்பு எடையோடு ஒப்பிட்டால்' என்று படிக்கும்படியான கெழுக்கள் வராது. நேர்கோட்டுப் போக்கு, இருபடிப் போக்கு என்று பல்லுறுப்புக் கெழுக்கள் வந்து நிற்கும். அட்டவணைக்கும் வடிகட்டலுக்கும் வரிசையோடு ஒன்று, மாடலுக்கு வரிசை நீக்கியது ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்கிறேன். உண்மையில் மாடலுக்கு அசல் எண்ணே போவதுதான் சரி. இயல்பாகப் பரவிய ஒரு மாறியை நடுவில் இரண்டாக வெட்டினால், நேர்கோட்டுத் தொடர்பில் அதன் புள்ளியியல் திறனில் (எஃபிஷியன்ஸி) சுமார் 64 சதவீதம்தான் மிஞ்சும்.

முடிவைச் சிஎஸ்வி கோப்பில் எழுதினால் வரிசை தொலைந்துபோகும். திரும்பப் படித்து ஃபேக்டராக்கும்போது லேபிள்கள் அகர வரிசையில் நிற்கும். ஆரின் சொந்தக் கோப்பு வடிவமான ஆர்டிஎஸ்ஸில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. எதில் சேமித்தாலும் அசல் எண் பத்தியை நீக்காதீர்கள். ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற வெட்டுப்புள்ளிகளையும் பார்க்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் பரிந்துரைத்தது. எண் கையில் இருந்தால் வெட்டுப்புள்ளியை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். வகை மட்டும் இருந்தால் 25-க்குக் கீழே உள்ளவர்களில் 23-ஐத் தாண்டியவர்கள் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.