பதற்ற மாத்திரையைக் குறைக்கும் மாதங்களில் மெக்னீசியம், ஜிங்க், இரும்பு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வருபவை

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குளோனசிபாம், ஆல்பிரசோலம், லோராசிபாம் போன்ற பதற்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பவர்களுக்கு மெக்னீசியம் ஒரு சின்ன துணை. மலச்சிக்கல் இளகும். உடம்பில் மெக்னீசியம் உண்மையிலேயே குறைந்திருந்தால் நடுக்கமும் தசைப்பிடிப்பும் தணியும். சிலருக்குத் தூக்கம் கொஞ்சம் சீராகும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். குறைத்த மருந்தின் இடத்தை அது நிரப்பாது, வலிப்பு வராமல் தடுக்காது. மெக்னீசியம் போடுகிறோமே என்று குறைக்கும் வேகத்தைக் கூட்டினால் ஆபத்து.

இந்த மாதங்களில் தாது மாத்திரைகளால் வரும் பெரிய தொல்லை குழப்பம்தான். குளோனசிபாம் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அளவைக் குறைத்தால் அதன் விளைவு புதன், வியாழனில்தான் தலைகாட்டும். திங்கட்கிழமை புதிதாக மெக்னீசியம் தொடங்கியவர் முதல் மூன்று நாள் நன்றாக இருப்பார், "மெக்னீசியம் வேலை செய்கிறது" என்பார். நான்காம் நாள் படபடப்பு வந்ததும் "மெக்னீசியம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துவார். இரண்டுமே தப்புக் கணக்கு. ஆல்பிரசோலத்தில் இந்த இடைவெளி குறைவு, ஒன்றிரண்டு நாளிலேயே தெரிந்துவிடும்.

அதனால் தாது மாத்திரை எதுவானாலும், மருந்தைக் குறைக்கத் தொடங்குவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே, அளவு நிலையாக இருக்கும்போதே தொடங்கிப் பழகிவிட வேண்டும். அதன் பிறகு அதைத் தொடக் கூடாது. மருந்து குறையும் வாரத்தில் தாதுவின் அளவு, பிராண்டு, நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு நோட்டில் தேதி, மருந்தின் அளவு, தூக்கம், நடுக்கம், வயிறு என்று தினமும் ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த முறை மருத்துவர் அதிலிருந்தே முடிவெடுப்பார்.

தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), மெக்னீசியம், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), பி12 ஆகியவை போதும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் வரும் படபடப்பும் கை நடுக்கமும் மருந்து விடும்போது வருவது போலவே இருக்கும். மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் ரத்தத்தில் ஓடுகிறது. ஆகவே அளவு 'நார்மல்' என்று வந்தால் குறைபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. குறைவு என்று வந்துவிட்டால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. கேஸ் மாத்திரையை (பான்டோபிரசோல் வகை) வருடக்கணக்கில் போடுபவர்களுக்கும், பிரஷருக்கு நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் மெக்னீசியம் இறங்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்கள், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் தாமாக மெக்னீசியம் எடுக்கவே கூடாது. வெளியேறாமல் தேங்கினால் அளவு மீறிய மந்தம், பிரஷர் இறக்கம், நாடித் துடிப்புக் குறைவு வரும். அதைத் தூக்க மாத்திரையின் மயக்கம் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இனி வகை. சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் எடுக்கும் மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடு, உலைச் செங்கல்லுக்குப் போகும் சரக்கு. மருந்துத் தரத்தில் சுத்தம் செய்த அதே சேர்மம்தான் விலை குறைந்த மாத்திரைகளிலும் இருக்கிறது. எடையில் 60 சதவீதம் மெக்னீசியம் என்பதால் அட்டையில் எண் பெரிதாகத் தெரியும். ஆனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. உறிஞ்சாத மிச்சம் நீரை இழுத்துக்கொண்டு வெளியே போகும். மலச்சிக்கல் மட்டும்தான் பிரச்சினை என்றால் அது போதும். மற்றபடி சிட்ரேட் அல்லது கிளைசினேட் வாங்கலாம். சிட்ரேட்டைக் குடல் நன்றாக உறிஞ்சும், கொஞ்சம் பேதி உண்டு. வயிற்றுக்கு மென்மையானது கிளைசினேட்.

லேபிளைப் படிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.' என்றால் அதில் மெக்னீசியம் சுமார் 140 மி.கி. மட்டுமே. சிட்ரேட்டில் ஏறக்குறைய 16 சதவீதம், விலை கூடிய திரியோனேட்டில் 8 சதவீதம். பின்பக்கம் 'எலிமென்டல்' என்று சிறிய எழுத்தில் இருக்கும் எண்ணையே கணக்கில் எடுங்கள். அந்தக் கணக்கில் இரவு சாப்பாட்டோடு 100 மி.கி. ஒரு வாரம், வயிறு ஏற்றுக்கொண்டால் 200. மாத்திரையாக எடுப்பதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு நாளுக்கு 350 மி.கி. பேதி தொடங்கினால் பாதியாக்குங்கள். விடாமல் வயிறு போனால் பொட்டாசியமும் நீரும் இறங்கி, தலைச்சுற்றலும் நெஞ்சுப் படபடப்பும் வந்து, மருந்து குறைத்த விளைவோடு கலந்துவிடும்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பு மெக்னீசியம் சல்பேட். பெயர் சொல்வதைத்தான் செய்யும், தினசரி குடிக்கும் பொருள் இல்லை. வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கால் நனைத்தால் இதமாக இருக்கும். தோல் வழியாக உடம்புக்குள் போகும் என்று நம்பி மாத்திரைக்குப் பதிலாக வைக்க வேண்டாம். இந்துப்பு வேறு, அது சோடியம் குளோரைடு.

நேர இடைவெளியில் கறாராக இருங்கள். தைராக்சின் (தைராய்டு மாத்திரை) போடுபவர்கள் மெக்னீசியம், இரும்பு, கால்சியம் எதையும் 4 மணி நேரத்துக்குள் சேர்க்கக் கூடாது. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் என்றால் அதை முதலில் போட்டு குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். குறைக்கும் காலத்தில் சில மருத்துவர்கள் எழுதும் கபாபென்டினை மெக்னீசியம் கலந்த அமில நீக்கிகள் குறைத்து உறிஞ்ச வைக்கும். 2 மணி நேர இடைவெளி அங்கும் வேண்டும். பதற்ற மாத்திரையையும் அமில நீக்கியோடு சேர்த்துப் போட்டால் உறிஞ்சல் தாமதமாகலாம். நடைமுறையில் ஒத்துவரும் வரிசை இது: காலை 6 மணிக்குத் தைராக்சின், 11 மணிக்கு இரும்பு, இரவு 8 மணிச் சாப்பாட்டோடு மெக்னீசியம், 10 மணிக்குப் பதற்ற மாத்திரை.

ஜிங்க் பற்றி ஒரு கடுமையான வார்த்தை. 50 மி.கி. மாத்திரையைச் சத்துக்காக என்று மாதக்கணக்கில் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 40. நீண்ட நாள் தாண்டினால் தாமிரச் சத்து இறங்கி ரத்தசோகையும் கை கால் மரத்துப்போவதும் வரும். மெக்னீசியத்தோடும் நரம்புச் சத்து மாத்திரைகளிலும் சேர்ந்து வரும் பி6 கூட, அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் இதே மரமரப்பைத் தரும். மருந்தை விட்டதால்தான் இப்படி என்று நினைத்து இன்னும் இரண்டு சத்து மாத்திரை சேர்ப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. எடுப்பது எல்லாவற்றின் லேபிளிலும் உள்ள பி6, ஜிங்க் அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். பதற்றத்தில் வேகமாக மூச்சுவிடும்போது உதட்டைச் சுற்றி வரும் குறுகுறுப்பு கால்சியம் குறைபாடு அல்ல. மூச்சு நிதானமானால் அது தானே போகும்.

ராத்திரியில் கால் குடைச்சல், அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது என்றால் ஃபெரிட்டினைப் பாருங்கள். ஒரு மி.லி.க்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் இரும்பு எழுதலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது வயிற்றுக்கும் நல்லது, உறிஞ்சலுக்கும் நல்லது. பரிசோதனை இல்லாமல் இரும்பு வேண்டாம். டீயும் காபியும் இரும்பைத் தடுக்கும், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். ஏற்காட்டுக் காபியை விடச் சொல்வது கொடுமைதான், ஆனால் மதியத்துக்குப் பிறகு குடிக்கும் காபி இந்தக் காலத்தில் தூக்கத்தைக் கெடுக்கும். அதையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், தலைவலியும் எரிச்சலும் வரும். மருந்து குறைக்காத வாரத்தில் அரை டம்ளராக ஆக்குங்கள்.

சாப்பாட்டில் கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறக்குறைய 140 மி.கி. மெக்னீசியம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 50. நம்மூர் ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து, இந்தக் கணக்கில் சேராது.

தாதுவை விட முக்கியமானது வெட்டும் கணக்கு. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் பல சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 0.5 மி.கி. குளோனசிபாமைப் பாதியாக உடைப்பது 50 சதவீத வெட்டு. 0.25 ஒன்று, இன்னொரு 0.25இல் பாதி என்றால் 0.375, அதுவே 25 சதவீதம். அந்த 0.25இன் கால் துண்டையும் சேர்த்தால் 0.4375, அதாவது 12.5 சதவீதம் மட்டும் குறைவு. கீழே போகப்போக அதே துண்டு பெரிய சதவீதமாகும், கடைசிப் படிகளுக்கே அதிக நாள் தேவை. எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தும் குளோனசிபாமும் சேர்ந்த ஒரே மாத்திரை போடுபவர்கள் உடைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்.ஆர். என்று போட்ட, மெதுவாக மருந்தை வெளியிடும் மாத்திரையை உடைக்கவே கூடாது. வாயில் கரையும் மாத்திரை பொடிந்துவிடும்.

இவை மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்துகள், அது இல்லாமல் மெடிக்கலில் தரக் கூடாது. 0.25 மி.கி. மாத்திரை எல்லாக் கடையிலும் இருக்காது. ஏற்காட்டிலும் மலைக்கிராமங்களிலும் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கான மிச்சம் இருக்கும்போதே சேலம் இறங்கி வாங்கிவிடுங்கள். அளவு குறைத்த முதல் வாரத்தில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டாதீர்கள், பஸ்ஸில் வாருங்கள். வலிப்பு, குழப்பப் பேச்சு, இல்லாதது தெரிவது என்றால் உடனே 108. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் டெலி மனாஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழில் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம்.

பதற்ற மாத்திரை முழுதும் நின்ற பிறகு ஒரு மாதம் மெக்னீசியத்தை அதே அளவில் தொடருங்கள். பிறகு ஒரு வாரம் பாதி, அப்புறம் நிறுத்தலாம். இதற்குப் பழக்கம் உண்டாகாது, பாதியாக்குவது குடலுக்காகத்தான். கேஸ் மாத்திரை தொடர்ந்தால் மெக்னீசியத்தையும், இரும்பு எடுத்திருந்தால் மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினையும் மறுபடி பார்க்க வேண்டும்.