கோவர்த்தனம்: மாமல்லையா, ஹளேபீடா?

கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாக ஏந்தி ஆயரையும் ஆநிரையையும் காத்த காட்சி இரண்டு ஊரிலும் சிற்பமாக இருக்கிறது. அதில் ஆயர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மாமல்லபுரம்தான். கிருஷ்ண மண்டபத்தின் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத்தில் ஒருவன் பால் கறக்கிறான். பசுவோ கழுத்தைத் திருப்பிக் கன்றை நக்குகிறது. தோளில் குழந்தையோடு ஒருவன், தலைச்சுமையோடு ஒருத்தி. கருங்கல்லில் நுணுக்கம் செதுக்குவது கடினம். அதனால் நகை குறைவு, உடலசைவு அதிகம். முன்மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. அதனால் உள்ளே வெளிச்சம் மட்டு. கண் பழகும்வரை நிற்க வேண்டும்.

கர்நாடகத்தின் ஹளேபீட்டில், 12ஆம் நூற்றாண்டு ஹொய்சாளேஸ்வரர் கோயிலில், மாக்கல். வெட்டியெடுக்கும்போது மிருதுவாக இருந்து, காற்றுபட இறுகும் கல். மணியாரத்தைத் தனித்தனி மணியாகவே செதுக்கலாம். சிற்பம் வெளிச்சுவரில் இருப்பதால் வெளிச்சத்துக்குக் குறையில்லை. ஆனால் கண் போவதெல்லாம் கண்ணன் மேலும், அவன் ஏந்திய மலை மேலும்தான். கீழே நெருக்கியடித்து நிற்கும் ஆயரையும் ஆநிரையையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.