ஒரு தடவைகூட உருட்டாமல் செத்த கிளெரிக்: டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் சாவு விதியோடு 6 வருடம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்று, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் ஒரு விளையாட்டு. நண்பர் ஒருவர் அதில் முதல்முறையாக டிஎம் (கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்) ஆகப்போகிறார். "டி அண்ட் டி ஐந்தாம் பதிப்புல கேரக்டர் சாகுற விதியை அப்படியே வெச்சுக்கலாமா, மாத்தணுமா?" என்று போன வாரம் கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் தட்டலாம் என்று ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போய்க் கடைசியில் கோபமாகவும் ஆகிவிட்டது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் சொல்வது 2014இல் வந்த விதிகளைப் பற்றி. 6 வருடமாக அதே மேஜை, பெரும்பாலும் அதே 5 பேர்.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹெச்.பி., அதாவது உயிர்ப் புள்ளி, 0க்கு வந்தால் மயங்கி விழுகிறோம், நம் முறை வரும்போதெல்லாம் டி20 என்கிற 20 முகப் பகடையை உருட்டுகிறோம் (இதுதான் டெத் சேவ்), 10ம் அதற்கு மேலும் மூன்று தடவை வந்தால் உயிர் தங்கும், 10க்குக் கீழே மூன்று தடவை வந்தால், அதாவது மூன்று தோல்வி, சங்கு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் உடனே எழுந்து உட்காரலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், யாருமே கிட்டப் போகாவிட்டாலும் 100க்கு 60 தடவை போல ஆள் தப்பித்துவிடுவான். 1974இல் வந்த முதல் பதிப்பில் 0 என்றாலே பிணம். அதற்கு இது எவ்வளவோ தாராளம், ஒப்புக்கொள்கிறேன்.

என் எரிச்சல் வேறு. பகடைதான் தீர்ப்புச் சொல்கிறது என்று இந்த விதி பாவலா காட்டுகிறது. உண்மையில் கொல்வது டிஎம்.

எப்படி என்றால், ஹீலிங் வேர்ட் என்று ஒரு முதல் லெவல் மந்திரம். 60 அடி தூரத்தில் நின்றுகொண்டு, அந்த முறையின் முக்கிய வேலையைச் செலவழிக்காமல், போனஸ் ஆக்‌ஷனில் போட்டுவிடலாம். விழுந்தவனுக்கு 1 ஹெச்.பி. கிடைத்தாலே போதும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி எழுந்து நின்றுவிடுவான். மறுபடி அடி, மறுபடி விழுவான், மறுபடி எழுவான். ஒரே சண்டையில் எங்கள் பார்பேரியன் (முரட்டுப் போர்வீரன்) நாலு தடவை விழுந்து எழுந்ததைப் பார்த்திருக்கிறேன், நாலாவது தடவை யாரும் போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பாத்திரம் புதிதாக இருக்கும் முதல் லெவலில் மட்டும் கதை தலைகீழ்: 7 ஹெச்.பி. உள்ள விசார்டிடமிருந்து (மந்திரவாதி) பக்பேர் என்கிற எதிரிப் பிராணி ஒரே அடியில் 14, அதாவது இரு மடங்கு, எடுத்தால் டெத் சேவுக்கே வேலையில்லை, அங்கேயே முடிந்தது. அதைத் தாண்டிவிட்டால் சாவு வர ஏறக்குறைய ஒரே வழிதான். கீழே கிடப்பவனை எதிரி மறுபடி அடிக்க வேண்டும். அடிக்கலாமா வேண்டாமா என்பதைப் பகடை சொல்லாது, நான்தான் சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன், ஒரு தடவை. எல்லோரும் மூன்றாம் லெவல். எதிரே நோல் கூட்டம், கழுதைப்புலித் தலை கொண்ட பிராணிகள். சித்தி மகள்தான் கிளெரிக் (மந்திரத்தால் குணப்படுத்தும் பூசாரி), ஒரு நோல் அவளை வீழ்த்தியது. ஒருவரை வீழ்த்திய நோல் அதே முறையில் இன்னொரு கடி கடிக்கலாம் என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது, கடித்தேன். மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள் நின்று தாக்கினால் பட்ட அடியெல்லாம் கிரிட்டிக்கல், அதாவது இரண்டு தோல்வி. நோல்களுக்கெல்லாம் ஒரே இனிஷியேட்டிவ் (சண்டையில் முறை வரும் வரிசை) என்பதால் அடுத்த நோலும் உடனே கடித்தது. இன்னும் இரண்டு. முடிந்தது. விதிப்படி எல்லாமே சரி, பசியில் திரிகிற பிராணி கிடைத்ததைத் தின்னத்தான் செய்யும் என்று நான் விளக்கமும் வைத்திருந்தேன். அவள் கையில் டி20யை வைத்துக்கொண்டு, "அண்ணா, நான் ஒரு தடவைகூட உருட்டலையே" என்றாள். ரிவிவிஃபை என்கிற உயிர்ப்பிக்கும் மந்திரத்தைப் போட ஐந்தாம் லெவல் கிளெரிக் வேண்டும், 300 பொன் பெறுமான வைரமும் வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே கிளெரிக் செத்துக் கிடந்தாள். இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் விதிப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், என்னைத் திட்டிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். 0க்குப் போய் எழும் ஒவ்வொரு தடவையும் ஒரு எக்ஸாஸ்சன் (களைப்பு) லெவல் என்று வைத்தோம். தலையாட்டி பொம்மை நின்றது, ஆனால் முன்னால் நின்று எல்லோருக்காகவும் அடி வாங்குகிற பார்பேரியன்தான் மாட்டிக்கொண்டார். மூன்று லெவல் சேர்ந்தால் அடிப்பதற்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்), ஒரு முழு இரவு தூங்கினால் குறைவது ஒரே ஒரு லெவல். மனிதர் வில்லை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பாத்ஃபைண்டர் என்கிற இதே மாதிரி ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பை நாலு மாதம் ஆடினோம், அதில் விழுந்து எழுந்தவனுக்கு வூண்டட் என்று ஒரு தழும்பு ஒட்டிக்கொள்ளும், அடுத்த தடவை விழும்போது சாவுக்கு ஒரு படி கிட்டத்தில் இருப்பான். அந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மற்ற விதிகளை நினைவில் வைக்க எங்கள் ஆட்களுக்குப் பொறுமை இல்லை, திரும்பி வந்துவிட்டோம்.

எதிர்பாராமல் வேலை செய்தது ஒரு எவர்சில்வர் டம்ளர். விழுந்தவர் டெத் சேவை டம்ளருக்குள் உருட்டுவார், அவரும் நானும் மட்டும் எட்டிப் பார்ப்போம். அவ்வளவுதான் மாற்றம். முன்பெல்லாம் "இன்னும் ரெண்டு தோல்வி பாக்கி இருக்கு, அடுத்த ரவுண்டு பாத்துக்கலாம்" என்று கணக்குப் பிள்ளைகள் மாதிரிப் பேசிக்கொள்வார்கள். இப்போது டம்ளருக்குள் கடகடவென்று சத்தம் கேட்டாலே எல்லோரும் சண்டையை விட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். கூடவே முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: விழுந்தவரை எந்த எதிரி அடிக்கும், எது அடிக்காது என்பதை ஒரு ரவுண்டு முன்பே காட்டுவேன். மிருகம் குனிந்து மோந்து பார்த்தால், அடுத்த ரவுண்டில் கடிக்கும் என்று அர்த்தம்.

மதிப்பெண் கேட்டால் 10க்கு 4. அந்த 4ம் டம்ளருக்குத்தான். நண்பருக்கும் இதையேதான் சொன்னேன், சரி, உங்கள் அடுத்த கேம்பெயினுக்கு (தொடர் கதை ஆட்டத்துக்கு) எந்த விதி என்று திருப்பிக் கேட்டார். இதேதான், ஆகஸ்டில் ஆரம்பிக்கிறோம். சித்தி மகளும் வருகிறாள். டம்ளரை அவளே கொண்டுவருகிறாளாம், கிளெரிக் மட்டும் ஆட மாட்டாளாம்.