வழக்கா, ஓட்டா: சுங்கை சிப்புட்டில் நாங்கள் எழுதிய மகஜர்

2022-இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில், இலங்கைப் போரில் நடந்த கொலைகளுக்குப் பொறுப்புக் கேட்கும் தீர்மானம் ஓட்டுக்கு வரவிருந்தது. மன்ற உறுப்பினரான மலேசியாவுக்கும் அதில் ஓட்டு உண்டு. மலேசிய அரசிடம் என்ன கேட்பது என்று கோயில் மண்டபத்தில் கூடினோம். மகஜர், அதாவது கோரிக்கை மனு, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

'அடுத்த நாட்டு விவகாரம் நமக்கு எதற்கு' என்று தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வழி ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேச அதிகமில்லை. அரசுக்கு வம்பில்லை, செத்தவன் குடும்பத்துக்குப் பயனுமில்லை.

இளைஞர்கள் வழக்கு கேட்டார்கள். காம்பியா என்ற சின்ன நாடு 2019 நவம்பரில் மியன்மாரின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களுக்காக அந்த நாட்டின் மீது அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குப் போடவில்லையா? போட்டது. இரண்டே மாதத்தில் இடைக்கால உத்தரவும் வாங்கியது. ஆனால் அந்த வழக்குக்கு அடிப்படையான இனப்படுகொலை உடன்படிக்கையில் மலேசியா 1994-இல் சேரும்போதே, தான் சம்பந்தப்பட்ட தகராறு அந்த நீதிமன்றத்துக்குப் போகத் தன் சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டது. நாம் வழக்குப் போட்டால் எதிராளி அதே நிபந்தனையை நம் பக்கம் திருப்பலாம். சரி, வேறு நாட்டின் வழக்குக்குத் துணை போகலாம் என்றால், இலங்கை மீது அப்படி யாரும் போட்டிருக்கவில்லை.

நான் ஓட்டின் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அம்மாவின் பிஸ்கட் டின். எங்கள் தோட்டம் கைமாறி, பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை நட்டபோது, வேலை போனவர்கள் இழப்பீடு கேட்டுப் போனார்கள். அங்கே முதல் கேள்வியே 'சம்பளச் சீட்டு இருக்கா?' என்பதுதான். அம்மா இருபது வருடச் சீட்டையும் டின்னில் போட்டு வைத்திருந்தார், காசு கைக்கு வந்தது. பக்கத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பலருடைய சீட்டைக் கரையான் தின்றிருந்தது. அவர்கள் நியாயம் எங்கள் நியாயத்துக்குக் குறைந்ததா என்ன? ஆனாலும் வருடக்கணக்காக அலைந்தார்கள்.

அந்த டின் வேலையைத்தான் 2021 தீர்மானம் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திடம் கொடுத்தது: இலங்கைச் சாட்சியங்களைத் திரட்டு, பத்திரப்படுத்து, பின்னால் வரும் வழக்குக்குத் தயார் செய். சாட்சிகளுக்கு வயதாகிறது. 2022 ஓட்டு இந்த வேலையை நீட்டிப்பதற்கும்தான்.

திரட்டியதை எந்த நீதிமன்றம், எப்போது கேட்கும்? அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. என் அனுபவம் தோட்டக் கேஸோடு சரி. "முதல்ல நம்ம வீட்டப் பாருங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் 2019-இல் சேர்வதாகப் பத்திரம் கொடுத்து, ஒரே மாதத்தில் பின்வாங்குவதாக அறிவித்த நாடு நம்முடையது. அவருக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது.

மகஜரில் 'வழக்கு' என்பதை அடித்துவிட்டு 'ஆதரவாக ஓட்டு' என்று எழுதினேன். அக்டோபரில் ஆதரவு 20, எதிர்ப்பு 7, நடுநிலை 20. மலேசியா நடுநிலை. 2012-இலும் அப்படித்தான். 2009-இல் இலங்கை அரசு கொண்டுவந்த தீர்மானத்துக்கே ஆதரவு கொடுத்தோம். நம் ஓட்டு இல்லாமலே சாட்சியம் திரட்டுவது நீண்டது.

அன்று கையெழுத்துப் போட மறுத்த இரண்டு பையன்கள், ஒட்டுக்கடையில் என்னைப் பார்த்தால் இப்போதும் கேட்கிறார்கள்: "உங்க டின் என்னாச்சு அண்ணே?"